எந்த ஒருமை? தேடலைத் தொடங்குவோருக்கு ஓர் ஒப்பீடு

ஆன்மிக நூல்களை ஓரளவு படித்தவர்கள் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தக் கேள்விக்கு வந்து சேர்கிறார்கள். எல்லாம் ஒன்று என்ற எண்ணம் மனத்தைப் பிடித்துவிட்டது. அதைப் படித்துத் தெரிந்துகொள்வதோடு நிறுத்தாமல் அதன்படி வாழவும் ஆசை வந்துவிட்டது. எந்த வழியில் இறங்குவது? ரமணர் காட்டிய 'நான் யார்' என்ற விசாரமா, ராமானுஜர் காட்டிய சரணாகதியா, மெய்கண்டாரின் சைவ சித்தாந்தமா, வடலூர் வள்ளலாரின் சீவகாருணியமா? சூஃபிகளும் கிறிஸ்தவ ஞானியரும் சொல்வதும் இதுதானே, எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டால் என்ன?

கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இவர்கள் எல்லோரும் ஒருமையைப் பேசுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் எது எதனோடு ஒன்றாகிறது, ஒன்றான பின் எது மிஞ்சுகிறது, வழிபாட்டுக்கு அங்கே இடம் உண்டா, தெருவில் பசித்துக் கிடப்பவருக்கு அந்த ஒருமையில் என்ன பதில் என்று கேட்கத் தொடங்கினால், விடைகள் வெவ்வேறு திசைகளில் போகின்றன. இந்தக் கடைசிக் கேள்வியையே நான் உரைகல்லாக வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒப்பீடு முழுவதும் அது கூடவே வரும்.

ஆங்கில எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லி 1945இல் வெளியிட்ட நூலில், எல்லா நாட்டு ஞானியரும் கண்டது ஒரே உண்மைதான், சொன்ன மொழிதான் வேறு என்று வாதிட்டார். 1978இல் ஆய்வாளர் ஸ்டீவன் காட்ஸ் எழுதிய கட்டுரை அதை நேருக்கு நேர் மறுத்தது. யூத ஞானி அடைவது யூத அனுபவம், பௌத்தத் துறவி அடைவது பௌத்த அனுபவம். மரபு அந்த அனுபவத்தை உருவாக்குவதிலேயே பங்கு கொள்கிறது என்றார் அவர். உச்சியில் என்ன நடக்கிறது என்பதை வெளியில் நிற்கும் நாம் தீர்மானிக்க முடியாது. ஆனால் தொடங்கப்போகிறவருக்கு முன்னால் இருப்பது முதல் படி. முதல் படிகள் நிச்சயமாக வேறு வேறு.

ஒரு வாக்கியம், மூன்று வாசிப்புகள்

சாந்தோக்கிய உபநிடதத்தின் ஆறாம் அத்தியாயத்தில் சுவேதகேது என்ற இளைஞன் வருகிறான். 12 வயதில் குருகுலம் போய் 24 வயதில், எல்லாம் கற்றுவிட்டோம் என்ற செருக்கோடு வீடு திரும்புகிறான். தந்தை உத்தாலக ஆருணி அவனிடம் உப்பைக் கொடுத்து நீரில் போட்டுவைக்கச் சொல்கிறார். மறுநாள் காலையில் அந்த உப்பை எடுத்துத் தா என்கிறார். எடுக்க முடியவில்லை. மேலே பருகு, நடுவே பருகு, அடியிலே பருகு என்கிறார். எங்கும் உப்பு. அப்படியே கண்ணுக்குத் தெரியாத மெய்ப்பொருள் எங்கும் இருக்கிறது, 'அது நீ' என்று முடிக்கிறார். ஆலம்விதை, கடலில் கலக்கும் ஆறுகள், பல பூக்களிலிருந்து சேர்ந்த தேன் என்று உவமைகள் மாறிக்கொண்டே போக, 'தத்த்வமஸி' என்ற அந்த முடிவு மட்டும் ஒன்பது முறை வருகிறது.

இந்த ஒரே வாக்கியத்தை முன்வைத்து நூற்றாண்டுக் கணக்கில் வாதம் நடந்திருக்கிறது. அந்த வாதத்தில் வெறும் தருக்கத்தைக் காண்பவர்கள் பெரிய இழப்புக்கு ஆளாகிறார்கள். ஒவ்வொரு வாசிப்பும் வாழ்வதற்கான ஒரு வழியைத் திறக்கிறது.

சங்கரரின் அத்வைத வாசிப்பில் சீவன் என்ற தனி உயிரும் பிரம்மம் என்ற மெய்ப்பொருளும் முற்றிலும் ஒன்று. வேறுபாடு தோன்றுவது அறியாமையால். மங்கிய வெளிச்சத்தில் கயிறு பாம்பாகத் தெரிவது போல, ஒரே மெய்ப்பொருள் பல பொருள்களாகத் தெரிகிறது. விளக்கைக் கொண்டுவந்தால் பாம்பு எங்கும் ஓடிப்போவதில்லை. அது இருந்ததே இல்லை. ஆகவே முத்தி என்பது புதிதாக எதையும் அடைவதன்று. செய்ய வேண்டியது அறியாமையை நீக்குவது மட்டுமே. அதைச் செய்வது அறிவு. சடங்கும் வழிபாடும் மனத்தைப் பக்குவப்படுத்தும் அளவில் நின்றுவிடுகின்றன.

எல்லா வழிகளிலும் சொல்வதற்கு மிக எளியது இதுதான். தொடங்குவதற்கு மிகக் கடினமானதும் இதுவே. மரபான வேதாந்தம் வாசலிலேயே நான்கு தகுதிகளைக் கேட்கிறது: நிலையானதையும் நிலையற்றதையும் பிரித்தறியும் விவேகம், இம்மை மறுமைப் பயன்களில் பற்றின்மை, மன அடக்கம் முதலான ஆறு குணங்கள், விடுதலைக்கான தீராத வேட்கை. அவை இருந்தால்தான் கேட்டல், சிந்தித்தல், தெளிதல் என்ற பயிற்சி. இந்தத் தகுதிகளைத் தாண்டிக் குதித்துவிட்டு, இரண்டு சொற்பொழிவுகளைக் கேட்ட கையோடு 'நான் பிரம்மம்' என்று பேசுகிறவர்கள் இன்று ஏராளம். அவர்களிடம் பேசிப் பார்த்தால் 'நான்' கரைந்ததற்கான தடயம் இருக்காது. அது இன்னும் பெரிய ஆசனத்தில் ஏறி உட்கார்ந்திருக்கும்.

தமிழில் இந்த வழிக்கு நல்ல வாசல்கள் இரண்டு உண்டு. ஒன்று தாண்டவராய சுவாமிகளின் கைவல்ய நவநீதம். தத்துவ விளக்கம், சந்தேகம் தெளிதல் என இரண்டே படலங்கள். சீடன் கேட்க ஆசிரியர் சொல்லும் முறையில், வடமொழிப் பயிற்சி இல்லாதவருக்கும் விளங்கும் செய்யுள்கள். இன்னொன்று ரமணரின் 'நான் யார்?'. 1896இல் மதுரையில் பதினாறு வயதுச் சிறுவனாக மரண பயத்தை எதிர்கொண்டு, அதே ஆண்டு செப்டம்பர் முதல் நாளில் திருவண்ணாமலை வந்து சேர்ந்தவர் ரமணர். 1902 வாக்கில், அவர் பேசாதிருந்த காலத்தில், சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு எழுதிக் காட்டிய விடைகளிலிருந்து பிறந்தது அந்தச் சிறு நூல். அரை மணி நேரத்தில் படித்துவிடலாம். அதில் உள்ள ஒரே பயிற்சி, எழும் ஒவ்வொரு எண்ணமும் யாருக்கு எழுகிறது என்று பார்த்துப் பார்த்து 'நான்' என்ற எண்ணத்தின் வேருக்குத் திரும்புவது. அதற்கு வேதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, குலம் தேவையில்லை, துறவும் தேவையில்லை. விடாப்பிடி மட்டும் தேவை. அந்த விடாப்பிடி பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தீர்ந்துவிடுகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ராமானுஜர் அதே வாக்கியத்தை எடுத்துக்கொண்டு வேறு இடத்திலிருந்து தொடங்குகிறார். பிருகதாரணியக உபநிடதத்தில், சாந்தோக்கியத்தில் ஆசிரியராக வந்த அதே உத்தாலகர் யாக்ஞவல்கியரிடம் கேள்வி கேட்கிறார். விடையாக யாக்ஞவல்கியர், மண்ணுக்குள் இருந்துகொண்டு மண்ணால் அறியப்படாமல் மண்ணை உடலாகக் கொண்டு உள்ளிருந்து இயக்குபவன் என்று தொடங்கி, நீர், தீ, காற்று என்று அடுக்கி, உயிர் வரை கொண்டுபோகிறார். ராமானுஜரின் தரிசனத்துக்கு இந்தப் பகுதியே அச்சாணி. உலகும் உயிர்களும் இறைவனுக்கு உடல். அவன் அவற்றுக்கு உயிர். உடலை விட்டு உயிரைப் பிரித்துச் சொல்ல முடியாதது போல இவை பிரிக்க முடியாதவை. ஆனால் உடலும் உயிரும் ஒன்றே என்று யாரும் சொல்வதில்லை. 'அது நீ' என்றால், உன்னை உடலாகக் கொண்டு உனக்குள் இருப்பவனே அது என்று பொருளாகிறது.

இங்கே உலகம் மெய். அன்பு மெய். முத்திக்குப் பிறகும் அன்பு செய்ய ஒருவர் மிஞ்சுகிறார். கோயிலில் நின்று கண் கலங்குகிறவருக்கு, அந்தக் கண்ணீர் ஒருநாள் கடந்துபோக வேண்டிய கீழ்ப்படி என்று யாரும் சொல்லாத வழி இது. நம்மாழ்வார் திருவாய்மொழியின் முதல் திருவாய்மொழியிலேயே 'உடல்மிசை உயிர் எனக் கரந்து எங்கும் பரந்துளன்' என்று பாடிவிட்டார். ராமானுஜருக்கு முன்பே தமிழில் நின்ற தரிசனம் அது. நுழைவதில் ஒரு சிக்கல் உண்டு. திருவாய்மொழிக்கான ஈடு முதலிய உரைகள் வடமொழி கலந்த மணிப்பிரவாள நடையில் இருக்கின்றன. தனியாகப் படித்தால் பாதி புரியாது. ஆசிரியர் வரிவரியாக விளக்கும் காலட்சேபம் கேட்டுத்தான் கற்க வேண்டும். சொல்லித் தரும் பெரியவர் ஒருவர் கிடைத்துவிட்டால் அதைப் போன்ற கல்வி வேறில்லை.

மூன்றாவது, 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார் பன்னிரண்டே நூற்பாக்களில் நிறுத்திய சைவ சித்தாந்தம். பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் தளை) மூன்றும் என்றும் உள்ளவை. உயிர் சிவத்தோடு எப்படி இருக்கிறது என்பதற்கு உமாபதி சிவம் ஓர் உவமையோடு நிறுத்தவில்லை, மூன்று சொல்கிறார். உடலும் உயிரும் போலக் கலப்பால் ஒன்று. கண்ணும் கதிரவனும் போலப் பொருளால் வேறு. கண்ணின் ஒளியும் உயிரின் அறிவும் போல உடனாய் நிற்பது. கண்ணுக்குப் பார்க்கும் ஆற்றல் உண்டு, ஆனால் வெளிச்சம் இல்லாமல் அது பார்க்காது. வெளிச்சத்தில் முழுகிப் பார்க்கும்போதும் கண் கதிரவனாகிவிடுவதில்லை. சித்தாந்திகள் 'சிவோகம்' (நானே சிவம்) என்ற பாவனையையும் ஏற்கிறார்கள். விடம் தீர்ப்பவன் தன்னைக் கருடனாகப் பாவித்து விடத்தை நீக்குவது போல, அந்தப் பாவனை உயிரைப் பற்றிய அழுக்கான மலத்தை நீக்கும் என்கிறார்கள். அவன் கருடன் ஆகிவிட்டதாகச் சொல்வதில்லை.

மூன்றையும் வைத்துப் பார்க்கையில் என் மனம் சாய்வது இந்தப் பக்கமே. காரணம் ஆணவ மலம். செம்பில் களிம்பு போல உயிரோடு தொன்றுதொட்டு ஒட்டியிருக்கும் அழுக்கு அது என்று சித்தாந்தம் சொல்கிறது. அறியாமை மட்டுமே நோய் என்றால், உண்மையை அறிந்த கணத்தில் சிறுமை போய்விட வேண்டும். போவதில்லை என்பதை நம் எல்லோருடைய வாழ்க்கையும் காட்டுகிறது. எல்லாம் ஒன்று என்று மனதாரச் சொல்லிய நாவே அன்று மாலை வரப்புத் தகராறில் அண்ணனைத் திட்டுகிறது. மனிதனை உள்ளபடி பார்த்து எழுதப்பட்ட தத்துவம் என்று எனக்குப் படுவது இது. தொடங்குபவருக்கும் வசதியானது. மனவாசகம் கடந்தாரின் உண்மை விளக்கம் 54 பாடல்களில் கேள்வி பதிலாக அமைந்தது. அதன்பின் உமாபதி சிவத்தின் திருவருட்பயன், குறள் வடிவில் நூறு பாக்கள். இரண்டுக்கும் நல்ல தமிழ் உரைகள் உண்டு. ஆதீனங்கள் நடத்தும் சித்தாந்த வகுப்புகள் பல ஊர்களில் நடக்கின்றன.

தாயுமானவர் 18ஆம் நூற்றாண்டில் வேதாந்த சித்தாந்த சமரசம் பாடினார். பாடல்களில் கரைந்துபோகாதவர் இருக்க முடியாது. ஆனாலும் அது இரண்டையும் கடந்து நின்றவரின் பாட்டு. இரண்டில் ஒன்றையும் தொடங்காதவருக்கு அதைச் சமரசமாகக் கொடுத்தால் சோம்பலாக முடியும்.

அந்த ஒருமை யாரையெல்லாம் வெளியே நிறுத்தியது?

வேதாந்தத்தின் அடிப்படை நூலான பிரம்ம சூத்திரத்தின் முதல் அத்தியாயம் மூன்றாம் பாதத்தில், சூத்திரர்களுக்கு வேதக் கல்வி உரியதா என்ற கேள்வி வருகிறது. இல்லை என்பது அங்கே எடுக்கப்படும் முடிவு. எல்லாம் ஒரே பிரம்மம் என்ற சங்கரரும் அந்த முடிவுக்கே உரை எழுதினார். இதிகாச புராணங்களின் வழியாக அவர்கள் ஞானம் பெறலாம் என்று ஒரு கதவைத் திறந்து வைத்தார். உயிர்கள் யாவும் இறைவனின் உடல் என்ற ராமானுஜரும் அதே நூலுக்கு எழுதிய உரையான ஸ்ரீபாஷ்யத்தில் அந்தத் தடையை எடுக்கவில்லை. காசியில் எதிர்ப்பட்ட சண்டாளரைக் குருவாக ஏற்றுச் சங்கரர் பாடினார் என்ற கதையும், திருக்கோட்டியூரில் கோபுரத்தில் ஏறி மந்திரப் பொருளை எல்லோருக்கும் சொன்னார் ராமானுஜர் என்ற குருபரம்பரைக் கதையும் மரபில் உண்டு. அந்தக் கதைகளை நான் நேசிக்கிறேன். அந்தக் கதைகளைப் போற்றிய ஊர்களிலேயே தெருக்கள் அடைக்கப்பட்டிருந்தன என்பதையும் மறக்க முடியவில்லை.

இதைக் கேள்வியாக்கி நேரே முன்வைத்தவர் அம்பேத்கர். அவர் மறைவுக்குப் பின் வெளியான 'இந்து மதத்தின் புதிர்கள்' நூலில், 'அது நீ' போன்ற மகாவாக்கியங்களை அவர் கேலி செய்யவில்லை. நீயும் நானும் ஒரே மெய்ப்பொருளின் பகுதி என்றால் சனநாயகத்துக்கு அதைவிட உறுதியான அடித்தளம் இருக்க முடியாது என்று ஒப்புக்கொள்கிறார். பிறகு, அந்த அடித்தளத்தின் மேல் ஏன் அந்தக் கட்டடம் எழவில்லை என்று கேட்கிறார். அத்வைதம் பேசும் எவரும் பதில் சொல்லாமல் கடந்துபோகக் கூடாத கேள்வி இது. என்னைக் கேட்டால், வேதாந்தம் படிக்கத் தொடங்குபவர்கள் சங்கரரின் உரையோடு சேர்த்தே அந்த அத்தியாயத்தையும் படிக்க வேண்டும்.

கேரளத்தில் பதில் ஒன்று செயலில் வந்தது. 1888இல் அருவிப்புறத்தில், கோயிலுக்குள் விடப்படாத ஈழவர் குலத்தில் பிறந்த நாராயண குரு தம் கையால் சிவனை நிறுவினார். சாதி வேற்றுமையும் மதப் பகையும் இல்லாமல் எல்லோரும் உடன்பிறப்புகளாக வாழும் முன்மாதிரி இடம் இது என்று அங்கே எழுதிவைத்தார். அவர் முழு அத்வைதி. தத்துவத்தில் சங்கரரோடு நின்றுகொண்டே அதன் சமூக விளைவை முழுவதுமாகக் கேட்டுப் பெற்றவர். அத்வைதம் உலகை மறக்கச் செய்யும் என்று சொல்பவர்களுக்கு அவரையும், அதிகாலையில் எழுந்து ஆசிரம அடுக்களையில் காய் நறுக்கிய ரமணரையும் காட்டலாம்.

தமிழகத்தில் அந்த விடையைக் கொடுத்தவர் வள்ளலார். 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அவர் ஏற்றிய அடுப்பு இன்றும் எரிகிறது. ஐந்து ஆண்டுகள் கழித்துத்தான், 1872இல், சத்திய ஞான சபையை நிறுவினார். முதலில் சோறு, பிறகு சபை. இந்த வரிசையைப் பலர் கவனிப்பதில்லை. அவர் சொன்ன 'ஆன்மநேய ஒருமைப்பாடு' தருக்கமாகவும் உறுதியானது. எல்லா உயிர்களும் ஒரே தன்மையுடையவை, ஒரே அருளால் வந்தவை, ஆகவே உடன்பிறந்தோர். ஓர் உயிர் துன்பப்படும்போது இன்னோர் உயிர் உருகுவது அந்த ஆன்ம உரிமையால். உருக்கம் வரவில்லை என்றால் அறிவு மறைந்திருக்கிறது என்று பொருள். சீவகாருணிய ஒழுக்கமே மோட்ச வீட்டின் திறவுகோல் என்றார். 'சாதியும் மதமும் சமயமும் பொய்' என்று அருட்பெருஞ்சோதி அகவலில் பாடவும் அவர் தயங்கவில்லை. மற்ற வழிகளில் இரக்கம் ஒருமை உணர்வின் கனி. இங்கே இரக்கமே ஒருமையை அறியும் கருவி. புலால் மறுத்தல் இந்த வழியில் விலக்க முடியாத நிபந்தனை. அதற்கு ஒப்பாதவர்கள் முதலிலேயே அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

வேறு மரபுகளிலிருந்து

இஸ்லாமிய மரபில் ஒருமைத் தத்துவத்தின் பெரும்பெயர் இப்னு அரபி. 1165இல் ஸ்பெயினின் முர்சியாவில் பிறந்து 1240இல் டமாஸ்கஸில் மறைந்தவர். மெய்யான இருப்பு இறைவனுக்கு மட்டுமே. உலகம் அவனுடைய வெளிப்பாடு, அவன் பார்க்கும் கண்ணாடி. மேலோட்டமாகப் பார்த்தால் அத்வைதம் போலவே இருக்கும். ஆனால் அவரிடம் அடியான் கடைசிவரை அடியானே. தொழுகையும் நோன்பும் எந்த நிலையிலும் உதிர்வதில்லை. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவின் ஷேக் அகமது சிர்ஹிந்தி இந்தத் தத்துவத்துக்கு ஒரு திருத்தம் சொன்னார். கதிரவன் எழுந்ததும் விண்மீன்கள் தெரியாமல் போகின்றன. அதற்காக விண்மீன்கள் இல்லை என்று ஆகாது. அதுபோல, ஞானி காண்பது காட்சியின் ஒருமை, இருப்பின் ஒருமையன்று என்றார். சங்கரருக்கும் மெய்கண்டாருக்கும் நடுவே தமிழகத்தில் நின்ற கேள்வியே வேறொரு மொழியில் அங்கேயும் நின்றிருக்கிறது என்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையான மகிழ்ச்சி உண்டாகிறது.

முகலாய இளவரசர் தாரா ஷிகோ 1657இல் ஐம்பது உபநிடதங்களைப் பாரசீகத்தில் மொழிபெயர்க்கச் செய்தார். இரண்டு ஆண்டுகளில் ஔரங்கசீப்பின் ஆணையால் கொல்லப்பட்டார். அந்தப் பாரசீக நூலிலிருந்து 1801, 1802 ஆண்டுகளில் வந்த லத்தீன் மொழிபெயர்ப்பின் வழியாகவே ஜெர்மன் தத்துவ அறிஞர் ஷோப்பனாவர் உபநிடதங்களைப் படித்தார். ஐரோப்பாவுக்கு வேதாந்தம் போய்ச் சேர்ந்த பாதையில் ஒரு முஸ்லிமின் உழைப்பு இருக்கிறது.

தமிழில் இந்த வழியைப் பார்க்க விரும்புகிறவர்கள் தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் பிறந்து சென்னை ராயபுரத்தில் அடங்கிய குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்களிலிருந்து தொடங்கலாம். கண்ணிகளின் ஓசையில் தாயுமானவர் நினைவுக்கு வருவார். அதற்காக இவரைத் தாயுமானவரின் எதிரொலி என்று நினைத்துவிடக் கூடாது. சூஃபி ஞானி முகியித்தீனைப் போற்றி முகியித்தீன் சதகம் பாடியவர் அவர். குருவின் கைப்பிடித்து நடக்கும் சூஃபி மரபுக்குள் உறுதியாக நின்றவர். தொழுகையை விட்டுவிட்டுப் பாடல்களை மட்டும் எடுத்துக்கொள்பவர் அந்தப் பாடல்களின் வேரை வெட்டுகிறார்.

கிறிஸ்தவத்தில் எக்கார்ட் என்ற டொமினிக்கன் துறவி, நான் கடவுளைப் பார்க்கும் கண்ணும் கடவுள் என்னைப் பார்க்கும் கண்ணும் ஒன்றே என்று பிரசங்கித்தார். அவர் மறைந்த பின் 1329இல் திருத்தந்தை 22ஆம் ஜான் அவருடைய 28 கூற்றுகளைத் தவறானவை அல்லது ஐயத்துக்குரியவை என்று அறிவித்தார். 1577இல் ஸ்பெயின் நாட்டுத் துறவி அவிலாவின் தெரேசா எழுதியதில் அந்த ஆபத்து இல்லை. ஆன்மா இறைவனோடு சேரும் முந்தைய நிலையை இரண்டு மெழுகுவர்த்திகளின் சுடர் கூடுவதற்கு ஒப்பிடுகிறார், வேண்டும்போது பிரித்துக்கொள்ளலாம். இறுதி நிலை ஆற்றில் விழுந்த மழை, பிரிக்க வழியில்லை. அந்த உச்சியைச் சொன்ன கையோடு, இதெல்லாம் எதற்காக என்று அவரே கேட்டுக்கொண்டு, நற்செயல்கள் பிறப்பதற்காக என்கிறார். உரைகல்லில் தேய்த்தால் பொன்னாகத் தெரியும் வரி அது.

இரண்டு மரபுகளில் ஒரே நேரத்தில் நிற்க முடியுமா என்று கேட்பவர்கள் ஒருவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிரான்சின் பிரிட்டனியில் 1910இல் பிறந்த ஆன்ரி லெ சோ, பெனடிக்ட் சபைத் துறவி. 1948இல் தமிழகம் வந்தார். மறு ஆண்டு ரமணரைக் கண்டார். 1950இல் ஜூல் மொன்ஷானேன் என்ற கத்தோலிக்கக் குருவானவரோடு சேர்ந்து குளித்தலைக்கு அருகே காவிரிக் கரையில் தண்ணீர்ப்பள்ளியில் சச்சிதானந்த ஆசிரமத்தை, மக்கள் சாந்திவனம் என்று சொல்வதை, நிறுவினார். காவி உடுத்தார், அபிஷிக்தானந்தர் என்று பெயர் கொண்டார், அருணாசலத்தின் குகைகளில் மௌனமாக வாழ்ந்தார், திருக்கோவிலூரில் ஞானானந்தரிடம் போனார். திருப்பலியையும் விடவில்லை. அத்வைத அனுபவத்துக்கும் கிறிஸ்துவுக்கும் நடுவே அவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் கிழிபட்டார் என்பதை அவருடைய நாட்குறிப்பு காட்டுகிறது. 1973இல் மறையும் வரை எந்தக் கரையையும் கைவிடவில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள அவருக்கு எல்லா வசதியும் இருந்தது. சொல்லவில்லை. அந்த நேர்மைக்காகவே அவரை நான் வணங்குகிறேன். இரண்டு மரபுகளைச் சேர்த்து எடுப்பதற்கான விலை அந்த அளவு என்பதையும் அவரிடமிருந்தே கற்க வேண்டும்.

பௌத்தத்தை இந்த வரிசையில் சேர்ப்பதே ஒரு தவறு என்று சொல்லலாம். நாகார்ச்சுனர் பேசும் சூனியம், எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும் ஒரே பொருளன்று. அப்படி ஒரு பொருளும் இல்லை என்கிறார் அவர். ஆனால் உரைகல்லில் பௌத்தம் தோற்பதேயில்லை. காலில் முள் தைத்தால் கை எடுக்கிறது. கையின் வலி அன்று என்று கை சும்மா இருப்பதில்லை. பிறர் துன்பம் என்னுடையதல்ல என்று மட்டும் ஏன் சொல்கிறோம் என்று சாந்திதேவர் கேட்கிறார். ஆன்மா என்று ஒன்றும் இல்லை என்ற இடத்திலிருந்தே அந்தக் கேள்வி வருகிறது. அமுதசுரபியை ஏந்திப் பசித்தவர்களைத் தேடிப்போன மணிமேகலையும் பௌத்தத் துறவியே. 'உண்டி கொடுத்தோர் உயிர் கொடுத்தோரே' என்ற வரி அந்தக் காப்பியத்திலும் ஒலிக்கிறது. ஆகவே எல்லாம் ஒன்று என்று நம்பினால்தான் இரக்கம் வரும் என்ற வாதம் நிற்காது. ஒருமை பேசும் நண்பர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

யாருக்கு எது

கேள்வியே பசியாக இருப்பவர்கள், வழிபாட்டில் மனம் ஒட்டாதவர்கள், தனிமைக்கு அஞ்சாதவர்கள் 'நான் யார்?' நூலிலிருந்து தொடங்கலாம். ஆறு மாதம் அதைச் செய்து பார்த்த பின் கைவல்ய நவநீதத்தை எடுக்கலாம். முதலிலேயே சங்கர பாஷ்யத்துக்குப் போக வேண்டாம். தன்னைப் பற்றிய நினைப்பு ஏற்கெனவே உயரமாக இருப்பவர்கள் இந்த வழியைத் தவிர்ப்பது நல்லது. அந்த நினைப்பு உண்டா என்று தன்னைக் கேட்க வேண்டாம், வீட்டாரைக் கேட்கலாம்.

இறைவனை அழைத்துப் பழகியவர்கள், அழைக்காமல் இருக்க முடியாதவர்கள், அந்த அழைப்பை விட்டுவிடச் சொல்லும் எந்த வழிக்கும் போக வேண்டியதில்லை. வைணவ வீட்டில் வளர்ந்தவருக்குத் திருவாய்மொழி இருக்கிறது. தேவாரம் காதில் விழுந்து வளர்ந்தவருக்கு உண்மை விளக்கமும் திருவருட்பயனும் இருக்கின்றன. குடும்பத்தோடும் வேலையோடும் இருந்துகொண்டு நீண்ட காலம் தொடரக் கூடியவை இவைதான் என்பது என் கருத்து.

தத்துவ நூல் எதையும் பத்துப் பக்கம் தாண்டிப் படிக்க முடியாதவர்கள் வெட்கப்பட வேண்டாம். வள்ளலாரின் சீவகாருணிய ஒழுக்கம் சிறு உரைநடை நூல். அதைப் படித்துவிட்டு, வாரம் ஒருமுறை யாருக்காவது உணவு கொடுக்கத் தொடங்கினால் போதும். ஒருமையின் அனுபவம் அங்கிருந்தே வரும் என்று அவர் உறுதியாகச் சொன்னார்.

இஸ்லாத்திலோ கிறிஸ்தவத்திலோ பிறந்து ஒருமையின் மேல் வேட்கை கொண்டவர்கள், வெளியே தேடும் முன் தம் வீட்டிலேயே தேட வேண்டும். மஸ்தான் சாகிபும் தெரேசாவும் அங்கேயே இருக்கிறார்கள். இந்து வீட்டில் பிறந்தவர் சூஃபிகளை ரசிப்பது நல்லது, நானும் ரசிக்கிறேன். ஆனால் ரசிப்பது வேறு, அந்த வழியில் நடப்பது வேறு.

எதை எடுத்தாலும் குறைந்தது ஓராண்டு மற்ற வழிகளின் நூல்களை மூடிவைக்க வேண்டும். ஆசிரியரோ படிப்பு வட்டமோ இல்லாமல் முதல் ஆண்டைக் கடப்பது கடினம். அப்படி ஓர் இடத்தைத் தேடிப் போகும்போது, அங்கே சொல்லித் தரப்படும் தத்துவத்தைக் கேட்பதற்கு முன் சாப்பாட்டுக் கூடத்தைப் பாருங்கள். யார் சமைக்கிறார்கள், யார் எங்கே உட்காருகிறார்கள், இலை எடுப்பவர்களுக்கு எப்போது சோறு கிடைக்கிறது, பெண்கள் கேள்வி கேட்டால் பதில் வருகிறதா என்று கவனியுங்கள். எல்லாம் ஒன்று என்று மேடையில் சொல்லிவிட்டுப் பந்தியில் மனிதரைப் பிரிக்கும் இடமாக அது இருந்தால், ஆசிரியர் எவ்வளவு பெரிய பண்டிதராக இருந்தாலும், அன்றே எழுந்து வந்துவிடுங்கள். வேறோர் ஊரில் வேறோர் ஆசிரியர் கிடைப்பார்.